கொடி இல்லாத கழகம்

பெற்றோர் பள்ளிக்கூட விஷயத்தில் தலையிடுவது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த புதுச் சங்கதி போல இப்போது சிலர் மேடை போட்டுப் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் அம்மா எழுபதுகளின் கடைசியிலேயே தலையிட்டாள். யாரும் அவளை அழைக்கவில்லை, மாலை போடவில்லை, போட்டோ பிடிக்கவில்லை. அவள் தலையிட்டிராவிட்டால் நான் ஏழாவதோடு நின்றிருப்பேன்.

அப்போது நாங்கள் திருவண்ணாமலையில், பெரிய கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். தெருமுனையில் இருந்த நகராட்சிப் பெண்கள் பள்ளியில் ஏழாவது வரைதான் உண்டு. எட்டாவது படிக்க பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். வயசுக்கு வந்த பெண் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஏழாவதே ஜாஸ்தி என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அம்மா சண்டை போடவில்லை. எட்டாவதை இங்கேயே கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள். அப்பா சிரித்தார். குடுத்தா வாங்கிக்கோ என்றார், ஏதோ கடையில் கேட்கிற சாமான் மாதிரி.

பள்ளியின் கடைசி அறை பூட்டிக் கிடந்தது. உள்ளே முழுக்க மல்லாட்டை மூட்டைகள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மூட்டைகள் மார்க்கெட்டில் மண்டி வைத்திருந்த ஒருவருடையவை. நான் ஒன்றாவது சேர்ந்த நாளிலிருந்து அந்த அறை அப்படித்தான் இருந்தது. அறை இல்லாததால் ஏழாவது வகுப்பு வராந்தாவின் இந்தக் கோடியில் நடந்தது. வெயில் நகர நகர நாங்களும் பலகையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம். மண்டிக்காரரின் மூட்டைகள் மட்டும் கூரைக்குக் கீழே சுகமாக இருந்தன. அதை ஏனென்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்கு ஒரு காரணம் உண்டு.

வருஷத்துக்கு ஒரு முறை டீச்சர் வகுப்பில் சொல்வார், நாளைக்குக் கழகக் கூட்டம், வீட்டில் வரச் சொல்லுங்கள் என்று. நாங்களும் ஓடிப்போய், ஸ்கூலில் கழகக் கூட்டமாம் என்று சொல்வோம். அந்த நாளில் கழகம் என்றால் ஊரில் யாருக்கும் கட்சிதான். அதிலும் கழகம் இரண்டாகிப் போயிருந்த நேரம். ஒரு வீட்டில் அண்ணன் ஒரு கழகம், தம்பி இன்னொரு கழகம் என்று பாத்திரம் பண்டம்வரை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கழகமாம் என்று அப்பா கேட்பார். எனக்குத் தெரியாது. கட்சி சகவாசமே நமக்கு வேண்டாம் என்று முடித்துவிடுவார். எதிர் வீட்டுக்காரர், நம்ம கழகமா இருந்தா நமக்குச் சொல்லியிருப்பாங்களே, இது அவங்களுது என்று போகமாட்டார். என்னோடு படித்த குருக்கள் வீட்டுப் பெண்ணின் அம்மாவுக்கோ கழகம் என்றாலே சாமி இல்லை என்று சொல்கிறவர்கள்தான். அந்தச் சொல் காதில் விழுந்தால் நெற்றியில் விபூதி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஆக, கூட்டத்துக்கு ஒரு ஈ காக்கை போகாது. வருஷா வருஷம் தலைமையாசிரியரும் மண்டிக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியவந்தது அந்த வருஷம் பொங்கல் கழிந்து தலைமையாசிரியரைப் பார்க்கப் போனபோதுதான். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நல்ல மனிதர், ஆனால் யாரைப் பார்த்தாலும் பயப்படுகிற நல்ல மனிதர். எட்டாவது இங்கே வருமா என்று அம்மா கேட்டாள். அறை ஒன்று காலியாக இருந்தால் அடுத்த ஜூனிலேயே தருகிறேன் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார், அறைதான் இல்லை என்றார் அவர். அம்மா கடைசி அறையைக் கையால் காட்டினாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அத நான் கேக்க முடியாதும்மா. கழகம்தான் கேக்கணும்."

"நாங்க எந்தக் கழகத்துலயும் இல்லீங்க சார்."

தலைமையாசிரியர் முதலில் விழித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"கட்சி இல்லம்மா. பெற்றோர் ஆசிரியர் கழகம். பெத்தவங்களும் வாத்தியாருங்களும் சேர்ந்தது. இந்தப் பொண்ண இங்க சேர்த்த அன்னிலருந்து நீங்க அதுல இருக்கீங்க."

தலைவர் யார் என்று அம்மா கேட்டாள். மண்டிக்காரர் என்றார். அம்மா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிடியிலேயே அவளுக்கு எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரிந்தது. ஏழு வருஷமாக நான் இதில் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினாள். உங்களுக்கும் தெரியாது, ஊரெல்லாம் டிக்கெட் கிழிக்கிறீர்கள், உங்களுக்கும் தெரியாது என்று அவரையும் விடவில்லை.

ஜாக்கெட் தைக்கிற வீட்டுக்கு எந்தத் தெருப் பெண்ணும் வருவாள், எந்த ஜாதிப் பெண்ணும் வருவாள். அளவு ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தவர்களையெல்லாம் அம்மா பிடித்து உட்காரவைத்துச் சொன்னாள். இந்தக் கழகத்துக்குக் கொடி கிடையாது, ஓட்டு கேட்டு வரமாட்டார்கள், பெற்ற பிள்ளை இங்கே படித்தால் போதும், உள்ளே போய் உட்காரலாம். சிலர் நம்பவில்லை. வீட்டுக்காரர் திட்டுவார் என்றார்கள் சிலர். அவர் கேட்டால் ஜாக்கெட் அளவு கொடுக்கப் போனேன் என்று சொல்லு என்றாள் அம்மா. குருக்களம்மா கடைசிவரைக்கும் அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை. "அந்தச் சபைக்கு நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார். அம்மா அதற்கும் தலையாட்டினாள். பெயர் என்னவாக இருந்தால் என்ன, வந்தால் சரி.

கூட்டம் கூட்டச் சொல்லித் தலைமையாசிரியரை அம்மாவே போய்ப் பிடித்தாள். வழக்கம்போல ஆறாம் வகுப்பு அறையில் இரண்டு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறிப் பார்த்தோம். மண்டிக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்தார், வாசலிலேயே நின்றுவிட்டார். இன்னாம்மா, சீமந்தமா என்று கேலி செய்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காத பெண்களை அவர் அதற்கு முன் கூட்டமாகப் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் உட்கார்ந்ததும் அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தெளிவாகக் கேட்டாள்.

"உங்க பொண்ணு இங்க எந்த கிளாஸ்ல படிக்குதுங்க?"

அவர் பெண் கான்வென்ட்டில் படிக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். தினமும் ரிக்‌ஷாவில் ஷூ போட்டுக்கொண்டு எங்கள் பள்ளியைத் தாண்டித்தான் போவாள். ஊருக்கு உழைக்கிறவன் நான், எனக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்ற கணக்கெல்லாம் கிடையாது என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். அம்மா அவரை விட்டுவிட்டுத் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். பிள்ளையை இங்கே படிக்கவைக்காதவர் இந்தக் கழகத்தில் இருக்கலாமா, நீங்களே சொல்லுங்கள் என்றாள். அந்த மனிதர் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். அவர் பொய் சொல்லிவிடுவார் என்றுதான் நான் பயந்தேன்.

"இருக்க முடியாதுங்க" என்றார்.

அங்கேயே, அந்த நிமிஷமே, பெண்கள் அம்மாவைத் தலைவி ஆக்கினார்கள். குருக்களம்மாதான் முதலில் கையைத் தூக்கியவர். மண்டிக்காரர் எழுந்தார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, சாவி என்னிடம் இருக்கிறது, முடிந்தால் திறந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூட்டை உடைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். உடைத்தால் திருட்டுப் பட்டம் கட்டிவிடுவான் என்று அம்மா சம்மதிக்கவில்லை. அவள் செய்தது வேறு. மறுநாள் காலை எங்கள் ஏழாம் வகுப்பை, பலகை, டீச்சர் சகிதம், வராந்தாவின் மறுகோடிக்கு நகர்த்தினாள். பூட்டிய கதவுக்கு நேர் எதிரே. பின்வரிசைப் பெண்களின் முதுகு கதவில் சாய்ந்தது. எங்களுக்குப் பக்கத்தில் அம்மாவும் இன்னும் சில பெண்களும் முறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா கையோடு வேலையும் கொண்டுவந்திருந்தாள், ஹெம்மிங் போடுவதும் கொக்கி வைப்பதும். வகுப்பை ஏன் இங்கே மாற்றினீர்கள் என்று கேட்டு மண்டியிலிருந்து ஆள் வந்தபோது தலைமையாசிரியர், இங்க நிழல் ஜாஸ்திப்பா என்றார். உண்மையில் அந்தப் பக்கம் நிழல் கம்மி. அந்த வார்த்தைக்காகவே அவருடைய மற்ற பயங்களை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

சாவி அவரிடம், கதவு எங்களிடம். கொஞ்ச நாளில் மல்லாட்டை விலை ஏறியது. மூட்டை ஏற்ற டயர் வண்டி வந்து பள்ளி வாசலில் நின்றது. வண்டிக்காரர் வராந்தாவை எட்டிப் பார்த்தார். நாங்கள் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னோம். டீச்சர் சொல்லச் சொன்னதைவிட உரக்கவே சொன்னோம். வண்டி காலியாகத் திரும்பியது. மறுநாளும் வந்தது, மறுநாளும் திரும்பியது.

மண்டிக்காரருக்கு ஊரில் சிநேகிதர்களுக்குக் குறைவில்லை. அப்பாவின் பஸ் முதலாளி அதில் ஒருவர். உன் பொண்டாட்டியை வீட்டில் இருக்கச் சொல்லு, இல்லாவிட்டால் நீ வீட்டில் இருக்க வேண்டியிருக்கும் என்று அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா ஒரு மத்தியானம் காக்கி உடுப்போடு நேராகப் பள்ளிக்கு வந்தார்.  அவர் அம்மாவை எழுப்பிக்கொண்டு போய்விட்டால் கதை அதோடு முடிந்தது. எழுந்து வா என்றார். அம்மா வாயில் நூல் இருந்தது. அதைக் கடித்துத் துப்பிவிட்டு, "நான் எழுந்தா உங்க பொண்ணு படிப்ப விட்டுட்டு வீட்ல உக்காந்துடுவா. போங்க" என்றாள். அத்தனை பெண்களும் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அப்பா வராந்தாவில் இருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.  வேலை என்னவோ போகவில்லை. அந்தத் தடத்தில் அவரைப்போல் பஸ்ஸை நிரப்ப வேறு ஆள் இல்லை என்று முதலாளிக்குத் தெரியும்.

கடைசியில் மண்டிக்காரரே வந்தார். முகத்தில் அந்தக் கேலி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. தலைவியம்மா, கொஞ்சம் நகர்றீங்களா என்றார். அம்மா கையை நீட்டினாள். அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சாவியை அந்தக் கையில் வைத்தார். அம்மாதான் கதவைத் திறந்தாள். மூட்டைகளை எடுத்துப் போகும்வரை பெண்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மூட்டைகள் போன பிறகு பின்சுவரில் ஒரு கரும்பலகை தெரிந்தது. யாரோ ஒரு டீச்சர் எந்தக் காலத்திலோ பாதியில் விட்டுப்போன ஒரு கணக்கு அதில் அப்படியே இருந்தது. நாங்கள் சிந்தியிருந்த மல்லாட்டையைப் பொறுக்கித் தின்றுகொண்டே பெருக்கினோம். பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்தது. அதிகாரி ஒரு நாள் வந்து அறையைப் பார்த்தார், ஜூனிலிருந்து எட்டாவது நடத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ஒருத்தி விடாமல் எல்லாப் பெண்களும் கோயிலுக்குப் போனார்கள், கழகத்துக்காக.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. முழுப்பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், எட்டாவது வந்ததெல்லாம் சரி, ஊர்ப் பெண்கள் படிக்கட்டும், இவள் நின்றுவிடட்டும், செங்கத்தில் நல்ல இடம் ஒன்று சொல்கிறார்கள் என்று.  அறையும் வாங்கி, வகுப்பும் வாங்கி, கடைசியில் என் வீட்டிலேயே என்னைத் தோற்கடிக்கிறார்களே என்று அழுகை வந்தது. நான் அழவில்லை. அழுதால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வார்.

அம்மா அவர் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"இங்க பொண்ணு படிக்கலன்னா கழகத்துல இருக்க முடியாதுங்க. ஊர் நடுவுல நான் சொன்னதுதான். இவள நிறுத்தினா என்னையும் நிறுத்தணும். நான் போனா அந்த நாற்காலில மறுபடி யாரு வந்து உக்காருவான்னு உங்களுக்குத் தெரியும். நாளைக்கு எல்லாரையும் கூப்ட்டு, இன்ன காரணத்துக்கு நான் எழுந்துக்கறேன்னு சொல்லிடறேன். நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க."

அப்பா சாதத்தைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அந்தக் கொஞ்ச நாளாக அவரை, நம்ம தலைவியம்மா வீட்டுக்காரரு என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அவருக்கு அது எரிச்சலாக இருந்தது. அப்புறம் அப்படிக் கூப்பிடாதவர்களிடம்தான் எரிந்து விழுந்தார். செங்கத்துக்காரர்களைப் பற்றி அன்றோ அதற்குப் பிறகோ அவர் பேசவில்லை. என்னை நிறுத்த அவருக்கு மனசு இருந்தது. அம்மாவை நிறுத்தத் துணிச்சல் இல்லை. ஜூனில் நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன்.