மைத்துனனுக்கு நான் வைத்த பத்தியம்

வெள்ளைக் கஞ்சிக்குள் ஒரு வேகவைத்த முட்டை. என் மனைவி தன் தம்பிக்காக அதைக் கிண்ணத்தின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அவன் கரண்டியால் துழாவியதும் மெல்ல மேலே வந்தது. என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு வீடே அதிரச் சிரித்தான். "பாரு மாமா, ஒங்க வூட்டுக் கஞ்சி முட்ட போட்டுகீது!" நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே முட்டையை எடுத்து அப்பால் வைத்தேன்.

மதுராந்தகத்தை அடுத்த கிராமத்தில் விவசாயக் குடும்பம் அவர்களுடையது. அவன் மட்டும் லாரி ஓட்டப் போனான். நெடும்பயணம் முடிந்து செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தால், போன ஊர்களின் பழங்களெல்லாம் கூடவே வரும். அவன் பேச்சு தெருமுனையிலேயே கேட்கும். எனக்கு உடன்பிறந்த தம்பி கிடையாது. அந்தக் குறையை அவன் வைக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒருநாள், சட்டைக்குள் ஆளே இல்லாததுபோல் வந்து நின்றான். ஓயாத காய்ச்சல். பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அரசு மருத்துவமனைகளில் அதற்கான மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். மாத்திரை கொடுத்த நாளில் அங்கிருந்த ஆலோசகர் அம்மாள் என்னிடம், "ஒடம்பு ரொம்ப எளைச்சுக் கிடக்கு சார். மாத்திரை மட்டும் பத்தாது. முட்டை, மீனு, பயிறு, வேர்க்கடலைன்னு நல்லா சாப்பிட வைங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். புரதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? ஆனால் எங்கள் வீடுகளில் மருந்து உள்ளே வந்தால் பத்தியமும் வந்துவிடும். மீன் ஆகாது, முட்டை ஆகாது, எண்ணெய் ஆகாது. முதல் நாட்களில் மாத்திரை குமட்டியதும், மருந்தின் சூடுதான் இது, பத்தியத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கஞ்சியும் மிளகு ரசமும் தவிர மற்றதை எல்லாம் நிறுத்தினேன். மனைவி அழுது பார்த்தாள். நான் இறங்கவில்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன். அது வெறும் அறியாமை இல்லை. கட்டில்லாமல் தின்று திரிந்தவன் இப்போதாவது அடங்கட்டும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதற்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அவன் மேலும் இளைத்தான். மூச்சு வாங்கியது. வார்டில் சேர்த்தோம். மருத்துவர் எடையைப் பார்த்துக் கோபப்பட்டார். மெலிந்த உடம்போடு மாத்திரை தொடங்குபவர்களுக்கு முதல் சில மாதங்கள்தான் கண்டம் என்றார். "சாப்பாடு என்னப்பா சாப்பிட்டே?"

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். "எங்க மாமா தெனம் மீனா வாங்கியாந்து போட்டாரு டாக்டர். நாந்தான் துன்னாம டபாய்ச்சுகினு இருந்தேன்."

மருத்துவர் அவனைத் திட்டித் தீர்த்தார். அவன் சிரித்தபடி கேட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற நான், என் வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் நகர்ந்த பிறகு, "வுடு மாமா. வாத்தியாருக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்ல. எனக்கு டெய்லி டிராபிக் போலீஸ் கைல வாங்கின பழக்கம்" என்றான்.

முட்டை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் முற்றித்தான் வந்திருந்தான். ஆனால் அவனிடம் மிச்சமிருந்த பலத்தைக் கஞ்சியால் கரைத்தவன் நான். அதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்துச் சதுரங்கப்பட்டினம் போனேன். கரைக்கு அப்போதுதான் வந்த சங்கரா மீனை வாங்கி வந்தேன். மனைவி வறுத்துக் கொடுத்தாள். வார்டில் அவன் தலையைத் தூக்கிப் பிடித்து, முள் நீக்கி, ஒரு துணுக்கை வாயில் வைத்தேன். வாயெல்லாம் புண். விழுங்க முடியவில்லை. நெடுநேரம் நாக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைச் சிமிட்டினான்.

"டாக்டராண்ட நான் சொன்னது இப்ப நெசமாப் பூட்ச்சு, மாமா."

அந்த வாரம் முடியும் முன் அவன் போய்விட்டான்.