குழந்தைகள் இல்லை என்றொரு வரி

விவாகரத்து மனுவின் நாலாவது பத்தியில், ‘இந்தத் திருமணத்தில் குழந்தைகள் இல்லை’ என்று இருந்தது. வக்கீல் அலுவலகத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதை மூன்று முறை படித்தேன். மனு மலையாளத்தில் இருந்தாலும் அது எனக்குத் தமிழைப்போலவே ஓடும். தப்பாகப் படிக்க வழியில்லை. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அன்று காலையில்தான் பின்னல் கோணல் என்று என்னோடு சண்டை போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தாள்.

பிரிவதில் எனக்கும் கணவருக்கும் தகராறு இல்லை. சேர்ந்து மனு கொடுக்கத்தான் வந்திருந்தோம். எழுதியவர்கள் தவறிவிட்டார்கள் என்று நினைத்து அவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தபடி, “பேப்பர்ல அப்படியல்லே இருக்கு,” என்றார்.

பிறப்புப் பேப்பரில் அப்படித்தான் இருந்தது. அதற்குக் காரணம் நான். அறுவை சிகிச்சையில் என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். எங்கள் இருவரின் கருவைத் தன் வயிற்றில் சுமக்க என் தங்கை முன்வந்தாள்; சட்டம் இவ்வளவு இறுகாத காலம் அது. பிறக்கும்முன்பே ஒப்பந்தத்தை எழுதி, பிறப்புப் பதிவில் என் பெயர் வர ஏற்பாடு செய்யச் சொன்னார் டாக்டர். நான்தான் தள்ளிப்போட்டேன். எங்கள் நாஞ்சில் நாட்டு வீட்டில் பிறக்காத பிள்ளைக்கு ஒரு துண்டுத் துணிகூட வாங்கமாட்டோம். பத்திரமா எழுதுவோம்? பிறக்கட்டும் என்றேன். இத்தனைக்கும் பழவங்காடியில் பத்திரம் எழுதும் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. ஊரார் பத்திரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் விடமாட்டேன்.

எட்டாம் மாதமே தங்கைக்கு வலி கண்டது. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெற்றவள் பெயரைத் தாய் என்று எழுதிக்கொண்டார்கள். தந்தை என்று என் கணவர் கையெழுத்துப் போட்டார். தங்கையின் கணவர் மஸ்கட்டிலிருந்து போனில் கேட்டுச் சிரித்தார். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நாங்களும் சிரித்தோம். மாற்றவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற மெத்தனம்.

மனுவில் கையெழுத்துப் போடாமல் எழுந்துபோய் வேறொரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். மலையாளி. பிறப்புச் சான்றிதழைப் படித்துவிட்டுத் தயங்கிச் சொன்னார்: “சேச்சி, இதுப்படி நீங்க குழந்தையோட வலியம்மையாணு. அம்மையல்ல.”

பெரியம்மாவாம். காய்ச்சல் வந்த நாளெல்லாம் நெற்றியில் துணி நனைத்துப் போட்ட நான் பெரியம்மா. என்ன கேட்கிறேன் என்று தெரியாமல் அவரிடமே கத்தினேன். பாவம், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

வழி இருக்கிறது என்றார். தாய் நான்தான் என்று அறிவிக்கக் கோரி வழக்குப் போடவேண்டும். மரபணுச் சோதனை கேட்கலாம். முதலில் தங்கையின் வாக்குமூலம் வேண்டும். அதை நானே எழுதினேன். தெரிந்த தொழில்தானே.

தங்கை விழிஞ்ஞத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். பேனாவை நீட்டினேன்.

“படிச்சிட்டுப் போடுகேன். நீதானே எல்லாருக்கும் அப்படிச் சொல்லுவ,” என்றாள்.

விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். ‘நான் இக்குழந்தையின் தாய் அல்ல. இக்குழந்தையின் மீது எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை.’ அங்கே விரல் நின்றது.

“இனி அவளப் பாக்க வாறப்ப உன்கிட்ட கேக்கணுமாக்கா?”

அவள் விரல் நின்ற இடத்தைக் குனிந்து படித்தேன். அந்த இரண்டாவது வரி வக்கீல் கேட்டதல்ல. சொத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரங்களில் நாங்கள் வழக்கமாகப் போடுவது. கை தானாக எழுதிவிட்டது. நாலாவது பத்தி எனக்குச் செய்ததை, நான் அழகான கையெழுத்தில் இவளுக்குச் செய்திருந்தேன்.

தாளை வாங்கிக் கிழித்தேன். புதுத் தாளில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘இவளைச் சுமந்து பெற்றவள் நான்’ என்றுதான் ஆரம்பித்தாள். ஒரு புள்ளியும் விடாமல் அதை எழுதினேன்.