ஈஸ்டர் கூடையில் மிஞ்சியது

எனக்கு ஸ்லோவேனிய மொழியில் இருநூறு சொற்கள் தெரியும். அவற்றில் ஒன்றுகூட வேலைநாளில் உதவாது. முட்டைக்குச் சாயம் பூசுவதைச் சொல்வேன். கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவதைச் சொல்வேன். டிசம்பர் ஆறாந் தேதி பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் புனிதரையும், அவருக்குப் பின்னால் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் பேய்களையும் பெயர் சொல்லி அழைப்பேன். பல்வலி என்று சொல்லத் தெரியாது. அந்த நாட்டில் எனக்குப் பல் வலித்தால் வைத்தியருக்கு நத்தார் வாழ்த்துச் சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டவேண்டியதுதான்.

எண்பதுகளின் நடுவில் சுவிட்சர்லாந்தின் பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தேன். நோயாளிகளின் தட்டுகள் நகரும் பட்டையில் வரிசையாக வரும். நான் உருளைக்கிழங்கை வைப்பேன். எனக்கு அடுத்து நின்றவள் மூடியை வைப்பாள். ஒரு நேரச் சாப்பாட்டுக்குள் நான் வைத்ததை முந்நூறு தடவை அவள் மூடினாள். காதல் வர இதைவிடச் சின்னக் காரணங்களே போதும். எனக்கு இருபத்தெட்டு வயது. தலையில் மயிர் இருந்தது.

அவள் ஸ்லோவேனியாக்காரி. அப்போது அது யூகோஸ்லாவியாவுக்குள் இருந்தது. ஒருமுறை அவளை யூகோஸ்லாவியாக்காரி என்று சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் மூடிகள் சற்றுச் சத்தமாக விழுந்தன. பத்து வயதில் தாய் தகப்பனோடு வந்தவள்; ஒரே பிள்ளை. தகப்பன் பதினைந்து வருடமாக சுவிஸ்காரருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த உழைப்பில் தன் ஊரிலும் ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தார். வருகிற கோடையில் குடும்பமாகத் திரும்பிப் போவதாக இருந்தார்கள். தகப்பன் சம்மதித்தால் அவள் என்னோடு இங்கேயே நிற்பாள். சம்மதிக்காவிட்டால் அவர்களோடு போய்விடுவாள். எனக்கு இருந்தது ஒரு மாரிகாலமும் ஒரு வசந்தமும்.

"அப்பாவிட்டை எங்கட பாஷையிலதான் கேக்கவேணும்," என்றாள். "டொச்சில கேட்டா, சீமெந்து எத்தினை மூட்டை எண்டு கேட்ட மாதிரித்தான் அவருக்கு இருக்கும்."

அவள் இதைச் சொன்னது ஜெர்மனில்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து என் நினைவில் அவள் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறாள். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை.

பாடம் தேநீர் இடைவேளையில் நடந்தது, கால் மணித்தியாலம். சிறுவயதில் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த ஒரு பிள்ளைகள் புத்தகம்தான் பாடநூல். அத்தியாயத்துக்கு ஒரு பண்டிகை. நவம்பர் முதலாந் தேதி இறந்தவர்களுக்கு விளக்கு. பதினோராந் தேதி புதுத் திராட்சைச் சாறு வைனாக மாறுகிறது. அதற்கு ஒரு புனிதரை வேலைக்கு வைத்திருந்தார்கள். பிறகு இயேசு பிறக்கும் நத்தார், முகமூடி போட்டு மாரிக் குளிரைத் துரத்துகிற நாள், ஈஸ்டர். ஈஸ்டருக்கு அவர்கள் மொழியில் 'பெரிய இரவு' என்று பெயர். மகா சிவராத்திரியின் தூரத்து உறவு என்று எண்ணி எனக்குள் நிம்மதியடைந்தேன். தெரிந்த குடும்பம்.

பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட அண்ணைக்கு இந்தக் கல்வியில் நம்பிக்கை இல்லை.

"தம்பி, பஸ் எத்தினை மணிக்கு எண்டு உந்தப் பாஷையில கேள் பாப்பம்."

"உது இன்னும் படிக்கேல்லை அண்ணை."

"முட்டைக்கு எதால சாயம் போடுறது?"

"வெங்காயத் தோலால." அதை ஸ்லோவேனிய மொழியில் சொன்னேன்.

"நல்லது. மாமனார் முட்டையா இருந்தா கலியாணம் முடிஞ்சுது."

ஈஸ்டர் ஞாயிறு காலை எட்டு மணிக்கு என்னை வீட்டுக்கு அழைத்தார்கள். அன்றைய காலைச் சாப்பாடு அவர்களுக்கு வருடத்தின் பெரிய சாப்பாடு. அதில்தான் நான் கேட்பதாக ஏற்பாடு. முதல் நாள் சனிக்கிழமை அந்தச் சாப்பாட்டை ஒரு கூடையில் வைத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் ஆசீர்வதித்து எடுக்கவேண்டும். அவளுக்கு அன்று வேலை. தாய்க்கு முழங்கால் வீங்கியிருந்தது. தகப்பன் ஆண்கள் கூடை தூக்குவதில்லை என்று சொல்லிவிட்டார்.

"நீர் கொண்டுபோம்," என்றாள். "அம்மாவே சொன்னவ. பாதர் ஆசீர்வதிச்சா அலுவல் முடிஞ்சுது."

பூவேலை செய்த வெள்ளைத் துணியால் மூடிய கூடை. உள்ளே வெட்டி அடுக்கிய பன்றி இறைச்சி, சிவப்பு முட்டைகள், பாண் ரொட்டி, 'ஹ்ரேன்' போல ஒலிக்கும் பெயருடைய ஒரு காரமான வேர். நடுவில் 'பொத்தீத்சா' என்ற அக்ரூட் சுருள் கேக். இறைச்சி கடவுளின் உடல், முட்டை இரத்தத்துளி, வேர் சிலுவையில் அறைந்த ஆணி என்று பாடத்தில் படித்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடாத சைவப் பிள்ளையான நான், டிராமில் அதை மடியில் வைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போனேன்.

தேவாலயத்தில் முப்பது கூடைகள் இருந்தன. பாதிரியார் மந்திரம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார். எல்லாம் பழக்கமான விஷயம். அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. எல்லாரும் துணியை இழுத்து மூடிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். கோயிலில் படைத்ததை ஒருவருக்கும் கொடுக்காமல் மூடிக்கொண்டு போகிற ஆளை எங்கள் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று தோன்றியது.

வாசலில் நின்று துணியை விலக்கினேன். முதலில் வந்த பெண் தயங்கினாள். நான் முட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அடுத்தவர் இறைச்சி எடுத்தார். ஒரு முதியவர் கேக்கை வெட்டத் தன் பொக்கற் கத்தியைத் தந்தார். சற்று நேரத்தில் ஒரு வரிசையே உண்டாகிவிட்டது. நாயோடு போன ஒரு சுவிஸ் அம்மாவும் எடுத்தார். நாயும் எடுத்தது. நான் சிரித்த முகத்தோடு எல்லாருக்கும் 'நல்ல பெரிய இரவு' வாழ்த்தினேன். அந்த நாட்டு மொழியை அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு சரளமாக நான் பேசியதில்லை. வேரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அறைக்கு வந்தபோது அண்ணை கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"முழுக்கக் குடுத்திட்டியோ?"

"ஓம் அண்ணை. பிரசாதமெல்லே."

"எனக்கு?"

வேரின் நுனியை முறித்துக் கொடுத்தேன். கடித்தார். அதன்பிறகு ஐந்து நிமிடம் அவர் கதைக்கவில்லை. அவரோடு வாழ்ந்த காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நீண்ட அமைதி அது.

ஞாயிறு காலை நான்கு மாடி ஏறினேன். நான்கு தட்டுகள், வெள்ளை விரிப்பு, தகப்பன் கழுத்துப்பட்டியோடு. தாய் கூடையை வாங்கித் துணியை எடுத்தார். சற்று நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார்.

"மிச்சம் எங்கை?" என்று மகள் கேட்டாள்.

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"வந்த எல்லாருக்கும். ஒரு நாய்க்கும்."

"எங்கட பொத்தீத்சாவையுமோ?"

"அதுதான் நல்லாப் போனது."

அவள் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. தாய் கதிரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். அந்தக் காலோடு இரண்டு நாள் நின்று செய்த கேக். அக்ரூட் ஊரில் அவருடைய சொந்த மரத்தில் காய்த்தது. ஆசீர்வதித்ததை ஒரு துணுக்கும் சிந்தாமல் குடும்பமாக இருந்து சாப்பிடுவதுதான் வழக்கம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்று சொல்ல ஆசை. கிழிந்திருக்கவில்லை. நான் சொற்களை மட்டும் பாடமாக்கியிருந்தேன்.

தகப்பன் வேரை எடுத்துச் சீவினார். அதன் காரம் மூக்கால் ஏறிக் கண்ணில் நிற்கும். சாதாரணப் பாண் துண்டுகளில் தூவி நான்கு தட்டிலும் வைத்தார். நால்வரும் சாப்பிட்டோம், நால்வருக்கும் கண்ணீர் வழிந்தது. யார் எதற்கு அழுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. திடீரென்று அவர் சிரிக்கத் தொடங்கினார். "நாய்க்குமோ?" என்று மகளிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

நல்ல நேரம் என்று எழுந்து நின்றேன். மூன்று மாதம் பாடமாக்கிய வசனத்தைத் தடக்காமல் சொன்னேன். உங்கள் மகளை எனக்குத் தரவேண்டும்.

அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு மெல்லப் பேசினார். மகள் குனிந்திருந்தாள். மொழிபெயர்ப்புக்கு நான் அவளைப் பார்க்கவில்லை. எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்தவையாக இருந்தன. நத்தாருக்குத் தாயோடு நின்று பொத்தீத்சா சுடுவது யார்? ஈஸ்டர் கூடையை யார் தூக்குவது? இறந்தவர்களின் நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் யார் மெழுகுதிரி ஏற்றுவது? எனக்குப் படிப்பித்த பண்டிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் அவள் இருந்தாள்.

பிறகு என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். இதை மகள் சொன்னாள்.

"நீர் எங்களோட வாறீரோ எண்டு கேக்கிறார். வீட்டில மேல்மாடி சும்மா கிடக்காம். எல்லாருக்கும் குடுக்கிற மனுசன் வீட்டில இருக்கலாமாம்."

அவர் மறுத்திருந்தால் அவரைக் கோபித்துக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டியிருப்பேன். என் கடவுச்சீட்டு அகதி வழக்கோடு ஓர் அலுவலக அலுமாரியில் கிடந்தது. எல்லையைத் தாண்டினால் வழக்கும் இல்லை, திரும்பி வரவும் வழியில்லை; அந்தப் பக்கம் என்னை உள்ளே விடவும் ஆளில்லை. அதை டொச்சில் சொன்னேன்.

"வழக்கு முடிவு எப்ப வரும்?" என்று தகப்பன் கேட்டார்.

"ரெண்டு வரியம். மூண்டு வரியம். தெரியாது."

தாயின் முழங்காலை ஒருமுறை பார்த்தார். அதன்பிறகு கேட்கவில்லை.

மாடிப்படி வரை அவள் வந்தாள்.

"நான் நிண்டா அம்மாவை ஆர் பாக்கிறது?" என்றாள். "நீர் சொல்லும். நீர் சொன்னா நிப்பன்."

உண்மையாகவே என்னிடம்தான் கேட்டாள். நில் என்று சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும். என் தாயை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்து மூன்று வருடம். அவவை யார் பார்க்கிறார்கள் என்று நான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன். ஒவ்வொரு பதிலிலும் அவ, நான் நல்ல சுகம் என்று எழுதுவா. நான் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போதிய நேரம் காத்திருந்தாள்.

ஆடி மாதம் லொறி வந்தது. தளபாடம் இறக்க ஆள் வேண்டும் என்று தகப்பன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவளுடைய அலுமாரி கருவாலி மரம், பிணப் பாரம். அவர் கீழே, நான் மேலே. நான்கு மாடி. திருப்பத்துக்குத் திருப்பம் அவர் வேலைத்தலத்து டொச்சில், மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டு வந்தார். என்னால் முடிந்த அளவு மெல்லத்தான் இறங்கினேன்.