கால் பங்கு பாதாம் எண்ணெய்

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருந்தவளைப் பிள்ளைகள் ‘பீக்கர் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அளவில் அவ்வளவு கறார். ஒரு சொட்டு கூடினாலும் கொட்டிவிட்டு மறுபடி அளப்பாள். வீட்டிலும் அதே கைதான். காய்ந்த சாமந்தி இதழ்களைக் கண்ணாடிச் சாடியில் போட்டு, மூழ்கும்வரை ஜோஜோபா என்னும் பாலைவனச் செடியின் விதை எண்ணெயை ஊற்றி, ஆறு வாரம் ஊறவைப்பாள். வடிகட்டிப் பழுப்புப் புட்டிகளில் நிரப்பி, ‘ஜோஜோபா, சாமந்தி. வேறெதுவும் இல்லை’ என்று எழுதி ஒட்டுவாள்.

இதெல்லாம் தொடங்கியது அவளுடைய நாத்தனாருக்காக. கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குக் கன்னம் வறண்டு தோல் உரியும். பாதாம் மாதிரிக் கொட்டை எதுவும் உடம்புக்குச் சேராது. ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்ததில் ஜோஜோபாதான் ஒத்துக்கொண்டது. “அண்ணி கொடுத்தா கண்ணை மூடிக்கிட்டுப் பூசலாம்” என்பாள்.

ஒருமுறை இதழ்கள் எண்ணெயை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டன. சக ஊழியர்களுக்கு ஒன்பது புட்டி தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. புது ஜோஜோபா வரப் பத்து நாளாகும். நாத்தனாருக்கென்று ஒரு புட்டியைச் சுத்தமாக நிரப்பி அலமாரியில் வைத்தாள். மற்றவற்றில் கால் பங்கு பாதாம் எண்ணெய் கலந்தாள். முன்பே எழுதி வைத்திருந்த சீட்டையே எல்லாவற்றிலும் ஒட்டி, கலந்தவற்றை மேஜையில் அடுக்கினாள். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி வீட்டுப் பக்கம் போயிருந்தேன். மேஜையிலேர்ந்து ஒரு எண்ணெய்ப் புட்டி எடுத்துட்டுப் போய்க் கொடுத்துட்டேன்.”

அவள் அலமாரியைத் திறந்தாள். சுத்தமான புட்டி அங்கேயேதான் இருந்தது.

போனைக் கையில் எடுத்தாள். என்ன சொல்வது? பக்கத்தில் கணவர் இருக்கிறார். கலப்படம் செய்தேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். காலையில் வேலைக்குப் போகும் வழியில் சத்தமில்லாமல் புட்டியை மாற்றிவிடலாம் என்று போனைக் கீழே வைத்தாள்.

விடியும்போதே நாத்தனாரின் கணவர் அழைத்தார். முகம் வீங்கிக் கண் திறக்கவில்லையாம். மருத்துவமனையில் ஊசி போட்டிருக்கிறார்களாம். அவள் ஓடினாள். புதிதாக ஏதாவது பூசினீர்களா என்று டாக்டர் கேட்டபோது, வீங்கிய உதட்டோடு நாத்தனார், “எண்ணெய் மட்டும்தான், அது எங்க அண்ணி செய்றது. வீட்டுல புதுசா ஒரு பூனை இருக்கு” என்றாள். கட்டிலருகே நின்ற பீக்கர் அக்கா வாயே திறக்கவில்லை.

பூனையைத் தச்சுப் பட்டறைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பழியை ஒரு வாயில்லா ஜீவன் சுமந்துகொண்டு போனது. அடுத்த ஒன்பது நாளில் அவள் ஆய்வகத்தில் இரண்டு குடுவைகளை உடைத்தாள்.

பத்தாம் நாள் நாத்தனாரே பேசினாள். “முகம் ஆறிடுச்சு அண்ணி. பூனையும் இல்ல. நாளையிலேர்ந்து உங்க எண்ணெயை மறுபடி ஆரம்பிக்கப் போறேன்.”

“தொடாதே. நான் இப்பவே வர்றேன்.”

போய் உட்காராமலே பாதாம் கலந்ததைச் சொன்னாள்.

“அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்குச் சாயங்காலமே.”

“நான் பூசினது ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணி. கலந்ததைக்கூட விடுங்க. ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”



அன்றைக்கே இருவரும் பட்டறைக்குப் போனார்கள். “எலித் தொல்லை இப்பத்தான் ஒழிஞ்சுது, அதுக்குள்ள கேக்குறீங்களே” என்று தச்சர் முனகினார். மரத்தூள் படிந்த பூனை, நாத்தனாரின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வழி முழுக்க நாத்தனார் பூனையோடு மட்டும் பேசினாள்.

மறுநாள் பீக்கர் அக்கா ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலும் உண்மையைச் சொல்லி, கொடுத்திருந்த புட்டிகளைத் திரும்ப வாங்கினாள். சிலர் சிரித்து மன்னித்தார்கள். கணக்கு டீச்சர் மட்டும், “என் பேத்தி முகத்துல தடவினேன்மா” என்றார். அதற்கப்புறம் அவள் யாருக்கும் எண்ணெய் செய்து கொடுக்கவில்லை.

உறவு முறிந்துவிடவில்லை. நாத்தனார் இன்றும் அண்ணி என்றுதான் அழைக்கிறாள், வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறாள். போன வாரம் கூடத்தில் அண்ணனிடம், “கன்னமெல்லாம் எரியுதுண்ணா, கடையில வாங்கினது எதுவும் ஒத்துக்கல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த பீக்கர் அக்காவுக்கு அது காதில் விழுந்தது. கத்தியை வைத்துவிட்டுக் கூடத்துக் கதவுவரை போனாள். ‘நான் செஞ்சு தரட்டுமா’ என்று கேட்கத்தான் போனாள். கேட்காமலே திரும்பி வந்து மிச்சக் காயை நறுக்கினாள்.