மெர்லுக்கு ஒரு விளக்குக் கம்பம்

ரோசெல்லா யப்லோன்ஸ்கி கோபப்படாத நாளை பிராண்ட்ஸ்மில்லில் யாரும் பார்த்ததில்லை. முப்பது வருஷம் தபால் வண்டி ஓட்டியவள். நாய் கடித்தால் நாயைத் திட்டமாட்டாள், நாய்க்காரனை நடுத்தெருவில் நிற்கவைத்துத் திட்டுவாள். கட்டினவன் இரண்டே வருஷத்தில் ஒஹாயோவுக்கு ஓடிப்போனான். அவன் பெயரையும் அவனோடு சேர்த்து அனுப்பிவிட்டு அப்பா பெயரைத் திரும்ப வைத்துக்கொண்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அடங்கிவிடுவாள் என்று ஊர் நம்பியது. அவளோ பழைய சிப்பாய்களின் ராணுவ ஆவணங்களைத் தோண்ட ஆரம்பித்தாள். போச்சு!

தோண்டுகிற வெறி அவளுக்கு அப்பாவின் அடக்கத்தன்று பிடித்தது. ஸ்டான்லி யப்லோன்ஸ்கி இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் முழுக்க பெட்ரோல் லாரி ஓட்டியவர். செத்தால் பெட்டிமேல் கொடி போர்த்தி, குழியருகே துப்பாக்கி முழங்கி அனுப்ப வேண்டும். படைவீரர் கிளப்புக்காரர்கள் காகிதம் எங்கே என்றார்கள். காகிதம் எங்கே இருக்கும்? ராணுவ ஆவணக் கிடங்கில் எழுபத்து மூன்றில் பிடித்த தீயில் லட்சக்கணக்கான பேரின் கோப்போடு அவர் கோப்பும் சாம்பலாகிவிட்டது. "காகிதம் இல்லாம கொடி குடுக்க முடியாதும்மா, விதி அப்படி" என்றான் ஒருத்தன், வாயில் இருந்த கேக்கை மென்றுகொண்டே. அப்பா வெறும் பெட்டியில் போனார். ரோசெல்லா மூன்று வருஷம் அலைந்து, அவருடைய கடைசிச் சம்பளச் சீட்டை வேறொரு அலுவலகத்தில் கண்டுபிடித்தாள். அதைக் கொண்டுபோய் அந்த ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே வைத்தாள்.

அதற்குப் பிறகு ஊரில் யாருக்கு ராணுவக் காகிதம் வேண்டுமானாலும் அவள்தான். சமையல்காரன், தச்சன், பாராசூட் மடித்தவன், கழுதை மேய்த்தவன் எல்லோருடைய காகிதத்தையும் எடுத்தாள். "எங்க தாத்தா வெறும் ரொட்டி சுட்டவரா?" என்று முகம் சுளித்த பேரன்களுக்கு அவளிடம் நல்ல பாட்டு கிடைக்கும். "ரொட்டி இல்லாம உன் ஹீரோ எதத் தின்னு சண்டை போட்டிருப்பான்? தோட்டாவையா?"

போன வருஷம் ஊரில் பதாகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஊர்ப் படைவீரன் ஒருத்தனின் படம், பெயர், பிரிவு. எந்தக் கம்பத்தில் யார் என்று முடிவு செய்வது கிளப்பின் குழு. குழுவுக்குத் தலைவர் வெண்டல் ஸ்டால், இரும்புச் சாமான் கடைக்காரர். அவர் ஒரு விதி போட்டார். சண்டையில் நின்றவர்களுக்குக் கடைத்தெரு, மற்றவர்களுக்குப் பின்தெரு. கோர்ட் வாசலில் இருந்த முதல் கம்பம் அவருடைய அண்ணன் டென்னிக்குப் போனது. வியட்நாமில் இருபது வயதில் செத்த பையன். அதை யாரும் குறை சொல்லவில்லை, ரோசெல்லாவும் சொல்லவில்லை. டென்னி அவளுடைய வகுப்புத் தோழன். ஆனால் அதற்கு நேர் எதிர்க் கம்பத்தில் தொங்கியது வெண்டல். நாட்டை விட்டே போகாமல் ஜார்ஜியாவில் ஒரு முகாமில் கம்பளி எண்ணிவிட்டு வந்த வெண்டல்! பிரான்ஸ் முழுக்க லாரி ஓட்டிய ஸ்டான்லி தொங்கியது கார் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். தினமும் அவர் முகத்தில் சோப்பு நுரை தெறிக்கும்.

இந்தப் பதாகைகளில் எதிலுமே இல்லாத ஒருத்தன் மெர்ல் ட்ரெஸ்லர். ஹீட்டர் ரிப்பேர் பார்க்கிறவன், அவனும் அதே வகுப்பு. வியட்நாம் போய் வந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே என்ன செய்தான் என்று கேட்டால் "சும்மா டிப்போவுல" என்பான். உயிரோடு இருக்கிறவனின் கோப்பை எடுக்க அவன் கையெழுத்து வேண்டும். ரோசெல்லா ஒரு குளிர்காலம் முழுக்க அவன் உயிரை வாங்கிக் கையெழுத்தையும் வாங்கினாள்.

கோப்பு வந்தது. அவன் சமையலறை மேசையில் அதை விரித்து வைத்தாள். மெர்ல் காபி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"வியட்நாம், தா நாங் ராணுவப் பிணவறைன்னு போட்டிருக்கு" என்றாள்.

"ஆமா."

"டிப்போன்னு சொன்ன?"

"வந்து சேர்ற இடம், அனுப்புற இடம். டிப்போதானே அது?" காபியை அவள் பக்கம் தள்ளினான். "பெயர் கண்டுபிடிக்கணும், கழுவணும், பெட்டியில வைக்கணும். வருஷம் பூரா அதான் வேலை. ஊருக்கு வந்ததும் பார்பர் ஷாப்புல ஒருத்தன்கிட்ட சொன்னேன். அவன் நாற்காலிய நகத்திப் போட்டு உக்காந்தான். அதோட வாயை மூடிட்டேன்."

"எவன் அவன்? பேரச் சொல்லு."

"செத்துட்டான், விடு." கொஞ்ச நேரம் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டிருந்தான். "டென்னியும் அங்க வந்தான், ரோசி. என் மேசைக்கே வந்தான்."

டென்னியின் பெட்டி ஊருக்கு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். திறக்கக்கூடாது என்று முத்திரை வைத்து வந்த பெட்டி. அவன் அம்மா ஹில்டா ஸ்டால் கடைசிவரை அதை நம்பவில்லை. உள்ளே வேறு யாரோ, என் பிள்ளை எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள். பகலிலும் எரியும் அது. சாகிறவரை எரிந்தது.

"வெண்டலுக்குத் தெரியுமா?"

"தெரியக்கூடாது. உன் வாய் எனக்குத் தெரியும். சத்தியம் பண்ணு."

"பண்றேன். ஆனா உனக்குக் கடைத்தெருவுல ஒரு கம்பம் வாங்காம விடமாட்டேன். அதுக்கு அந்தக் கதை வேண்டியதில்ல. இந்தக் காகிதமே போதும்."

போதவில்லை.

வெள்ளிக்கிழமை கிளப்பில் மீன் வறுவல் முடிந்து குழு கூடியது. ரோசெல்லா காகிதத்தைப் படித்தாள். வெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரோசெல்லா, வருத்தப்படாதீங்க. பிணம் கழுவறது ஒரு வேலைதான், இல்லன்னு சொல்லல. ஆனா கடைத்தெருவுல பசங்க ஐஸ்கிரீம் தின்னுட்டு நடக்கறாங்க. இவர் என்னம்மா பண்ணினாருன்னு ஒரு புள்ள கேட்டா அம்மாக்காரி என்ன சொல்லுவா?"

"நிஜத்தச் சொல்லுவா."

"எங்க அண்ணன் முகம் தொங்குற தெரு அது. அங்க போய் ஒரு பிணவறைக்காரன..."

"பிணவறைக்காரன் இல்லாம உங்க அண்ணன் எப்படிடா வீடு வந்து சேர்ந்தான்? தானா நடந்து வந்தானா?"

வாயில் வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் சத்தியம் போய்விடும். நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாழ்நாளில் அவள் விழுங்கிய வார்த்தைகள் மிகக் குறைவு. கோபத்தை வேறு பக்கம் திருப்பினாள். "கம்பளி எண்ணின உனக்குக் கடைத்தெரு, பொணத்துக்குப் பேர் கண்டுபிடிச்சவனுக்குப் பின்தெருவா? கம்பம் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

மேசையில் யாரோ இருமினார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வெண்டலின் காது சிவந்தது. "காகிதத்தக் குடுங்க, நானே பாக்கறேன்" என்று பிடுங்கினார். மறுக்கக் காரணம் தேடித்தான் பிடுங்கினார். படித்தார். எந்த இடம், எந்த மாதம் போனான், எந்த மாதம் திரும்பினான் என்பதில் அவர் விரல் நின்றது.

"தா நாங்" என்றார். குரல் சுருங்கிவிட்டது. "எங்க அண்ணன் பெட்டியோட வந்த சீட்டுல தா நாங்னுதான் இருந்துச்சு. அறுபத்தொன்பது மே."

ரோசெல்லா வாயைத் திறக்கவில்லை. ரோசெல்லா வாயைத் திறக்காததைப் பார்த்ததும் வெண்டலுக்கு மிச்சமும் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். அவர் வண்டி மெர்ல் வீட்டுப் பக்கம் திரும்பியது. இவளும் பின்னாலேயே ஓட்டினாள்.

மெர்ல் வாசலில் பனி தள்ளும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். வெண்டல் வண்டிக் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"டென்னியப் பாத்தியா நீ?"

மெர்ல் ரோசெல்லாவைப் பார்த்தான்.

"நான் சொல்லல" என்றாள். "அவனே கண்டுபிடிச்சான்."

மெர்ல் கையை ஒரு துணியில் துடைத்தான். மெதுவாகத் துடைத்தான். "பாத்தேன். நான்தான் கழுவினேன். வேற யாரையும் தொட விடல."

"எங்கம்மா உன்ன ஒரு தடவகூடவா கேக்கல?"

"கேட்டாங்க. நான் ஊர் திரும்பின வாரம். உங்க கடையில, ஆணி டப்பாப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். 'டென்னிய அங்க எங்கயாச்சும் பாத்தியா மெர்ல்'னாங்க. இல்லன்னுட்டேன்."

"இல்லன்னியா!" வெண்டல் கத்தினது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "சாகுற வரைக்கும் விளக்கு எரிஞ்சுதே! அவன் வருவான் வருவான்னு எங்களையும் நிம்மதியா இருக்க விடலயே அவங்க! நீ... ஹீட்டர் பாக்க வருவியே, அந்த வாசல் பல்பு போனா நீதானடா மாத்துவ? தெரிஞ்சுக்கிட்டே மாத்தினியா?"

"மாத்தினேன்."

"ஏன்?"

"ஆமான்னு சொல்லியிருந்தா ரெண்டாவது கேள்வி கேட்டிருப்பாங்க, வெண்டல். மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு." மெர்ல் குனிந்து ஒரு போல்ட்டை எடுத்தான், திரும்பக் கீழே வைத்தான். "மூஞ்சி இல்ல. அம்மாகிட்ட அத எப்படிச் சொல்றது? எனக்கு அப்ப வயசு இருபது. இப்பவும் தெரியல."

வெண்டல் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவன்தான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"முழங்கால் தழும்பு. குவாரியில குதிச்சு வாங்கினது. நான்தான் குதிடான்னேன்."

ரோசெல்லாவும் அன்று குவாரியில் இருந்தாள். ரத்தத்தைப் பார்த்து டென்னியோடு சேர்த்து மூன்று பேருமே சிரித்தார்கள். அது நினைவு வந்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெட்டிக்கு முத்திரை வைத்துவிட்டு இருபது வயதுப் பையன்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போனவர்கள்மேல், நாற்காலியை நகர்த்தியவன்மேல், எதிரே உட்கார்ந்திருந்த இந்த மனுஷன்மேல்.

"இப்ப அழு" என்றாள் வெண்டலிடம். "ஒரு மணி நேரம் முன்னாடி பிணவறைக்காரன்னு சொன்ன வாய்தானே? இது தெரியாம இருந்தா இவனுக்குப் பின்தெருகூடக் குடுத்திருக்க மாட்ட."

"ரோசி, விடு."

"விடமாட்டேன். உங்கம்மா வீட்டு ஹீட்டர இவன் வருஷா வருஷம் காசு வாங்காமப் பாத்தானே, ஏன்டா பாக்கறன்னு குடும்பத்துல ஒருத்தராவது கேட்டீங்களா? ஓசின்னதும் வாய மூடிக்கிட்டீங்க!"

வெண்டல் தலையை நிமிர்த்தவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டென்னிக்குப் பக்கத்துக் கம்பம்" என்றார். "அதுல இருக்கறவங்ககிட்ட நான் பேசிக்கறேன். உனக்கு அது."

"பக்கத்துல வேணாம்" என்றான் மெர்ல்.

"கடைத்தெருடா அது, முட்டாளே" என்று பாய்ந்தாள் ரோசெல்லா. "வேணாம்னு சொன்னா உன்னக் கொன்னுடுவேன்."

"தெரு வேணாங்கல. பக்கத்துல தொங்கினா நான் அவன எப்படிப் பாக்கறது? எதிர்ல போடு. அந்தப் படத்துல அவனுக்கு மூஞ்சி இருக்கு."

எதிர்க் கம்பத்தில் இருப்பது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை காலை வெண்டல் தன் கடை ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, தானே ஏறி, தன் பதாகையைத் தானே அவிழ்த்தார். ரோசெல்லா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு இல்லை, மனசு மாறிவிடுவாரோ என்கிற சந்தேகத்தில்.

"இத எங்க மாட்டறது?" என்று சுருட்டிய பதாகையை வைத்துக்கொண்டு மேலேயிருந்து கேட்டார்.

"கார் கழுவுற இடத்துல எங்கப்பாவுக்குப் பக்கத்துல ஒண்ணு காலியா இருக்கு. நுரை தெறிக்கும். எங்கப்பா பழகிட்டார், நீயும் பழகிக்கோ."

அவர் மறுவார்த்தை பேசாமல் அங்கே கொண்டுபோய் மாட்டினார். அதனால் அவள் கோபம் குறைந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

மெர்லின் பதாகையில் அவன் தொழிலை மறைக்காமல் போட வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். "தா நாங் பிணவறை" என்ற கொட்டை எழுத்தோடு அன்றே அது அந்தக் கம்பத்தில் ஏறியது. ஐஸ்கிரீம் வைத்திருந்த ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ கேட்டது. அந்த அம்மா குனிந்து ஏதோ சொன்னாள். குழந்தை தலையாட்டிவிட்டு ஐஸ்கிரீமை நக்கியபடி நடந்தது. ரோசெல்லா ஒரு சண்டைக்குத் தயாராக நின்றவள், சண்டை வராததால் எரிச்சலாகி முணுமுணுத்தாள்.

மெர்ல் மத்தியானம் வந்தான். தன் படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்று, தெருவுக்கு எதிர்ப் பக்கம் டென்னியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கார்கள் போயின, வந்தன.

"தொப்பியப் பாரு ரோசி, கோணலா வச்சிருக்கான்" என்றான். "அப்பவும் இப்படித்தான். நேரா வைக்கத் தெரியாது, கழுதைக்கு."