பாறையில் பேசிய விலை

செந்தாமரைக்கு ரகசியம் பேசத் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை. ஜவ்வாது மலையில் அவள் ஊரில் போனில் ரகசியம் பேச வழியே கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. ஊருக்கே சிக்னல் அங்கேதான். அதுவும் பாறையின் உச்சியில் உள்ள குழியில் போனை வைத்தால்தான் வரும். எடுத்துக் காதில் வைத்தால் போய்விடும். ஆகவே ஸ்பீக்கரைப் போட்டு, குழியைப் பார்த்துக் கத்த வேண்டும். அடுத்து பேச வேண்டியவர்கள் வரிசையில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் யோசனையும் சொல்வார்கள்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர், மெர்சிலின். வீடு மலைக்குக் கீழே சந்தவாசலில். பிள்ளைகளின் வருகைப் பதிவை அனுப்புவதற்காகத் தினமும் காலையில் நானும் அந்த வரிசையில் நிற்பேன். செந்தாமரையின் வாழ்க்கையில் பாதி எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

நாற்பது வயது, மூன்று புளியமரம், கொஞ்சம் சாமை நிலம், ஊரையே எழுப்பும் சிரிப்பு. இவ்வளவுதான் அவள். ஆசை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று: ஒரு மொபெட். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் வரும், மூட்டையைப் பார்த்தால் கண்டக்டர் முகம் சுளிப்பார். "வண்டி மட்டும் இருந்தா நானே கீழ கொண்டுபோய் வித்துடுவேன் டீச்சர். எவன் வருவான்னு வழி பாக்க வேணாம்" என்பாள். என் கணவர் செல்வநாதன் தன் பழைய மொபெட்டை இருபத்தைந்தாயிரத்துக்குக் கொடுக்கிறேன் என்றார். சித்திரை கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம். அந்த வியாபாரமும் பாறையில்தான் முடிந்தது.

பணத்துக்குப் புளியை நம்பியிருந்தாள். கண்ணமங்கலத்துப் புளி வியாபாரி ஆதிநாராயணன் மாசியிலேயே போனில் விலை பேசிவிட்டார். வரிசையில் எனக்கு முன்னால் ஆடு மேய்க்கும் குப்பன், பின்னால் அங்கன்வாடி கல்பனா.

"கொட்டை ஒண்ணுகூட இருக்கக் கூடாது, நார் இருக்கக் கூடாது. கிலோ நூத்திமுப்பது. வேற யாருக்கும் குடுத்துடாதம்மா" என்றது குழிக்குள்ளிருந்து அவர் குரல்.

அதோடு நிறுத்தினாரா? கடைவாய்ப் பல் வலிக்கிறது, பிடுங்கப் பயமாக இருக்கிறது, வீட்டில் வெறும் கஞ்சிதான், அதனால் சம்சாரத்துக்குத் தெரியாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி சாப்பிடுகிறேன் என்று கால் மணி நேரம் புலம்பினார். செந்தாமரை கிராம்பு வைக்கச் சொன்னாள்.

பிறகு இரண்டு மாதம் அவள் புளியே கதியென்று கிடந்தாள். தட்டித் தட்டிக் கை காய்த்துப்போனது. நடுவில் கையில் காசோடு வந்த இன்னொரு வியாபாரியையும் "வாக்கு குடுத்துட்டேங்க" என்று அனுப்பிவிட்டாள். இருநூறு கிலோ சேர்ந்தது.

சித்திரையில் ஆதிநாராயணன் வண்டியோடு செந்தாமரை வீட்டு வாசலுக்கு வந்தார். புளியைக் கிள்ளி வாயில் போட்டார், தலையாட்டினார், பிறகு சொன்னார்: "ரேட்டு எறங்கிப்போச்சும்மா. தொண்ணூறுதான் கட்டும்."

தொண்ணூறு என்றால் பதினெட்டாயிரம். மொபெட் போயிற்று. செந்தாமரையின் முகம் விழுந்துவிட்டது.

"நூத்திமுப்பது சொன்னீங்களேண்ணா?"

"நானா? எப்போ? அப்புறம் பாத்துக்கலாம்னுதான சொன்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு நானும் அங்கே வந்து நின்றிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் குப்பன் ஆடுகளோடு வந்தார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. வியாபாரியின் குரல் காதில் விழுந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"மொதலாளி, நீங்கதானா அது! பல்லு இப்ப எப்படி கீதுங்க? புடுங்கிட்டீங்களா?"

ஆதிநாராயணனின் கை தானாகத் தாடைக்குப் போனது. "ஒனக்கு எப்படிய்யா தெரியும்?"

"இன்னாங்க, நீங்கதான சொன்னீங்க. தாமரைகிட்ட நூத்திமுப்பதுன்னு சொன்னீங்க, ஒடனே பல்லு வலின்னீங்க."

"கொட்டை இருக்கக் கூடாதுன்னு மொதல்ல சொன்னாரு" என்று என்னோடு வந்திருந்த கல்பனா திருத்தினாள். "அப்புறம் நூத்திமுப்பது. அப்புறம் பல்லு. அதுக்கப்புறம் பிரியா..."

"போதும்மா!" என்றார் அவர்.

அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். எல்லார் வீட்டுப் புளியும் அவரிடம்தான் பேசியிருந்தது, எல்லாம் அதே பாறையில். யாரும் மூட்டையைத் தூக்கவில்லை. செந்தாமரை மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"போன வருசம் பேசி முடிச்சப்புறம் ரேட்டு ஏறிச்சே. நான் ஒரு ரூவா கூடக் கேட்டனாண்ணா?"

அவள் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.  ஆதிநாராயணன், "தராசை எடுப்பா" என்று டிரைவரிடம் சொன்னார். நூற்றுமுப்பதுக்கே எடுத்தார். அவர் போகும்போது செந்தாமரை ஒரு பொட்டலம் கிராம்பும் கொடுத்தனுப்பினாள். அந்தக் குசும்பு அவளுக்கு உண்டு.

இந்தக் கதையை அன்று சாயங்காலம் வீட்டில் ரசித்து ரசித்துச் சொன்னேன். என் கணவர் சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம மொபெட்டுக்கு ஒருத்தன் ரெண்டாயிரம் கூடத் தர்றேங்கறான். அந்தம்மாகிட்ட ஏதாவது சொல்லி..."

எனக்கு வந்த கோபத்தில் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன். அவமானமாகவும் இருந்தது.

"நீங்க அவகிட்ட வெல பேசுனப்போ வரிசையில எத்தினி பேர் நின்னாங்க தெரியுமா? ஒங்க மூட்டு வலி குப்பன் வரைக்கும் தெரியும். அந்த ஊர் முன்னாடி நாளைக்கு நான் போய் நிக்கணும்."

அவர் எழுந்துபோய் மொபெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது செந்தாமரை வாசலில் இருந்தாள். பேசிய விலைக்குப் பணம் கொடுத்தாள், இரண்டு தடவை கிளப்பி வண்டி நின்றுபோய், மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டே கிளம்பினாள்.

இப்போது மலையில் டவர் வந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே போன் எடுக்கிறது. சொந்தக்கதை எல்லாம் அவள் படுத்துக்கொண்டே பேசுகிறாள். வியாபாரிகள் கூப்பிட்டால் மட்டும், "கொஞ்சம் இருங்கண்ணா, வர்றேன்" என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய் ஸ்பீக்கரைப் போடுகிறாள்.