ஜிபுட்டியின் பசி ஏம்பலத்துக்கு வந்த நாள்

காலை ரயிலில் புதுச்சேரியை விட்டு வில்லியனூரில் இறங்கினேன். ஏம்பலத்துக்கு மாட்டுவண்டி வாடகை ஒரு ரூபாய். ஆப்பிரிக்காவில், ஜிபுட்டித் துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரரிடம் கணக்கெழுதிவிட்டுத் திரும்பியிருந்தேன். அங்கே உப்பளத்தில் வேலை செய்த கோவிந்தன் இறந்த செய்தியை அவன் மனைவி முனியம்மாளிடம் சொல்ல வேண்டும்.

ஆற்றுக்கு அப்பால் ஒரு சுங்கச் சாவடி. கொஞ்ச தூரம் ஆங்கிலேயர் சீமை, பிறகு மறுபடியும் பிரெஞ்சு மண். சேவகன் என் பையைக் கொட்டிப் பார்த்து அனுப்பினான். இரு பக்கமும் ஒரே நெல்தான்.

"செத்தவருக்கு இன்னா நோவு சாமி?" என்றார், நான் போகும் காரியத்தைக் கேட்டறிந்த வண்டிக்காரர்.

சொன்னேன். யுத்தத்தில் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றதும், புதுச்சேரி ஆங்கிலேயரோடு சேர்ந்த பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றது. ஜிபுட்டி, ஜெர்மனியோடு சமாதானமான பிரெஞ்சுக்காரர் பக்கம் போயிற்று. அதைப் பணியவைக்க ஆங்கிலேயக் கப்பல்கள் கடலை அடைத்தன. அரிசி நின்றது. கழுதையையும் ஒட்டகத்தையும் தின்றோம். துரைமார் கிடங்கில் இருந்தது கூலிக்காரருக்கு வரவில்லை. கோவிந்தனுக்கு ஈறு வீங்கிப் பல் உதிர்ந்தது; பிறகு அவன் எழுந்திருக்கவே இல்லை.

வண்டிக்காரர் மாட்டைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "காய்ச்சல்னு சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு தாங்காது."

உச்சிவேளையில் ஏம்பலம். முனியம்மாள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். கோவிந்தனோடு கப்பலேறிய என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது; முறத்தை வைத்துவிட்டு, "அவரு வரலியா?" என்றாள்.

"போயிட்டாரும்மா. காய்ச்சல்."

அவள் தரையில் விழுந்து அழுதாள். மற்ற பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். அழுகை சற்று ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பி, "காய்ச்சல்ல கஞ்சி குடிச்சாராண்ணா? யாரு காச்சிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

அவளைச் சுற்றிலும் நெல் குவிந்து கிடந்தது. என்னால் பொய்யைத் தொடர முடியவில்லை.

"கஞ்சி இல்லம்மா. அங்க யாருக்குமே இல்ல. கப்பல வெள்ளக்காரன் வுடல."

"எந்த வெள்ளக்காரன்?"

"நம்ம புதுச்சேரி கவர்னரோட சேந்திருக்கிற இங்கிலீஷ்காரன்தான்."

அவள் புரியாமல் பார்த்தாள். "அவர எங்க வச்சாங்க?"

"உப்பளத்துக்குப் பின்னால, மணல்ல."

"அந்த ஊரு இப்ப யாருது?"

"நம்ம பக்கம் வந்துடுச்சு. சண்ட போட்டவங்க ஒண்ணாயிட்டாங்க."

"ஒண்ணாயிட்டாங்களா?" என்றாள். பிறகு ஒரு பிடி நெல்லை அள்ளி, கையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் வில்லியனூருக்குத் திரும்பி ரயில் ஏறினேன். ஜிபுட்டியில் பசியோடு படுத்த நாட்களில், ஊர் போய்ச் சேர்ந்தால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஏம்பலத்துக் களத்தில், குவிந்த நெல்லுக்கு நடுவிலும் கோவிந்தனின் பசி முனியம்மாளிடம் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு, அந்தக் கரைக்கும் இந்த ஊருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.